சரின்னுட்டா சார்

விரிவுரையாளர்களுக்கான பயிற்சியின் கடைசி நாள். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் மறுபடி வட்டமாக வந்து உட்கார்ந்து, நாற்காலிச் சத்தம் அடங்கிய நேரத்தில் கூடத்தின் பின்கதவு திறந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளின் முதல்வர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். சாயங்காலம் சான்றிதழ் கொடுக்கும்போதுதான் வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் சான்றிதழ் கொடுக்க வேண்டிய பெரிய மனிதருக்கு வேறு எங்கோ போக வேண்டியிருந்ததாம். விழாவை முன்னால் இழுத்துவிட்டார்கள்.

கடைசியாக உள்ளே வந்தவரைப் பார்த்ததும் கணக்கு மிஸ் மடியிலிருந்த நோட்டை மூடினாள். வந்தவர் அவளுடைய முதல்வர்.

"அடுத்தது யாரு?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"நான்தான், நான்தான்" என்று கையைத் தூக்கினார் விளையாட்டு மேடம்.

விளையாட்டு மேடம் சொல்லப்போவது கணக்கு மிஸ்ஸின் கதை. வட்டத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை விரிவுரையாளர்களுக்கும் அது தெரியும். இப்போது வந்து பின்வரிசையில் உட்கார்ந்த முதல்வர்களுக்கு மட்டும் தெரியாது.

நடந்தது இதுதான். கூடத்தில் ஒரு பதாகை கட்டியிருந்தார்கள். ஆசிரியர் கல்வியில் தலைமைத்துவம், பாலின சமத்துவ நடைமுறைகள் என்று நீண்டுகொண்டே போய், கடைசி வார்த்தை தூணைச் சுற்றிக்கொண்டு மறைந்திருந்தது. முதல் நாள் முழுவதும் வகுப்பில் யாரைக் கேள்வி கேட்கிறோம், யாரைக் கேட்காமலே விடுகிறோம் என்று பேசினார்கள். மறுநாள் கழிவறைத் தாழ்ப்பாள், நடைபாதை விளக்கு, விடுதிக் கதவை எப்போது பூட்டுவது என்று போயிற்று. கணக்கு மிஸ் எல்லாவற்றையும் தலைப்புப் போட்டு, அடிக்கோடு இழுத்து எழுதிக்கொண்டாள். எழுதிக்கொள்வது அவளுக்கு வரும். எழுதியதைச் செய்வதில்தான் சந்தேகம்.

இன்று காலை பயிற்சியாளர் ஒரு புதுமுறை வைத்தார். மெலிந்த மனிதர், சளி பிடித்த குரல், ஒரு கையில் கைக்குட்டை, ஒரு கையில் மைக்.

"தலைமைன்னா முன்னால நின்னு பேசுறதுன்னு நினைக்கிறோம். பேச வேண்டிய இடத்துல பேசாம விட்டோமே, அதை ஒத்துக்கிறதும் தலைமைதான். ரெண்டு ரெண்டு பேரா உக்காருங்க. உங்க கல்லூரியில பெண் பிள்ளைங்க விஷயத்துல நீங்க செஞ்ச தப்பு ஒண்ணை, செய்யாம விட்டது ஒண்ணை, பக்கத்துல இருக்கிறவங்களுக்குச் சொல்லுங்க. அப்புறம் அவங்க கதையை நீங்க 'நான்'னு ஆரம்பிச்சு எல்லாருக்கும் சொல்லணும். உங்க கதையை அவங்க 'நான்'னு சொல்லணும். அடுத்தவங்க தப்பை நம்ம வாயால 'நான்'னு சொல்லிப் பாத்தாதான் அதோட கனம் தெரியும்."

ஆளுக்கொரு தப்பை யோசித்து வரச் சொல்லியிருந்ததால் கணக்கு மிஸ் முந்தின நாளே ஒரு கதையைத் தயாராக வைத்திருந்தாள். அவளுடைய கல்லூரியில் வகுப்பைப் பெருக்குவது எப்போதும் மாணவிகள், மேசை தூக்குவது எப்போதும் மாணவர்கள். அவ்வளவுதான். யாருக்கும் வலிக்காத கதை.

அவளோடு ஜோடி சேர்ந்தவர் இன்னொரு கல்லூரியின் உடற்பயிற்சி விரிவுரையாளர். எல்லோரும் அவரை விளையாட்டு மேடம் என்றே கூப்பிட்டார்கள். மைதானத்தில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. ரகசியம் சொன்னாலும் பக்கத்து அறைக்குக் கேட்கும்.

"நான் முதல்ல கொட்டிடறேன் தங்கச்சி. உள்ள வெச்சுக்கிட்டிருந்தா எனக்குச் சோறு இறங்காது" என்று ஆரம்பித்தார். ஓட்டப்பந்தயத்துக்கு முன்னால் ஒரு மாணவி வந்து, இன்று முடியாது மேடம் என்று கெஞ்சியிருக்கிறாள். இவர் ஒலிபெருக்கியிலேயே, "மகாராணிக்கு இன்னிக்கு ஓட முடியாதாம்" என்று சொல்லியிருக்கிறார். மைதானமே சிரித்திருக்கிறது. அந்தப் பெண் ஓடினாள். கறை பட்ட உடையோடு ஓடினாள். அதற்குப் பிறகு கல்லூரிக்கு வரவேயில்லை.

சொல்லி முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உன்னோடது என்ன? துடைப்பமா?" என்று கேட்டார்.

"எப்படித் தெரியும்?"

"எல்லாரும் துடைப்பம்தான் கொண்டாந்திருக்காங்க. போற போக்குல இந்தக் கூடத்தையே பெருக்கிடலாம்."

கணக்கு மிஸ் சிரித்தாள். ஒருத்தர் தோலை உரித்துக் காட்டிவிட்டு நிற்கும்போது இவள் துடைப்பத்தை நீட்டுவதா? விளையாட்டு மேடம் எங்கோ இருக்கிறவர். நாளை முதல் பார்க்கப்போவதில்லை. முதல்வர்கள் வருவதற்குள் இதெல்லாம் முடிந்துவிடும். இப்படியெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, பாதுகாப்பு என்று முடிவு செய்த பிறகுதான் உண்மையைச் சொன்னாள். அவள் போட்ட கணக்கில் தப்பு வந்தது பெரிய மனிதரின் அவசரத்தால்.

இப்போது விளையாட்டு மேடம் எழுந்து நின்று மைக்கை வாங்கினார். அது அவருக்குத் தேவையேயில்லை.

பயிற்சியாளர், "புதுசா வந்திருக்கிற முதல்வர்களுக்காக ஒரு வார்த்தை, இங்க ஒரு விதி இருக்கு" என்று ஆரம்பித்தார். அதற்குள் விழா ஏற்பாட்டாளர் ஒருவர் ஓடி வந்து அவர் காதில் ஏதோ சொல்ல, அவர் தலையாட்டி, தும்மி, கைக்குட்டையைத் தேடி, விதியை மறந்துவிட்டார். "சீக்கிரம் முடிச்சுக்கலாம் மேடம், ஆரம்பிங்க."

கணக்கு மிஸ் வட்டத்தின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். விளையாட்டு மேடத்தின் கண்ணைப் பிடிக்கப் பார்த்தாள். பிடித்தும்விட்டாள். வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தாள். கையைத் தாழ்த்திக் காட்டினாள்.

விளையாட்டு மேடம் அதைப் பார்த்துவிட்டு, "பின்னால கேக்கலையாம்" என்று சொல்லிக் குரலை இன்னும் உயர்த்தினார்.

"எங்க கல்லூரியில ரெண்டாம் வருஷத்துல ஒரு பொண்ணு. கல்யாணம் ஆனவ. எல்லாரும் வாயாடின்னு கூப்பிடுவோம். ஒரு கேள்வி கேட்டா ஒன்பது பதில் சொல்லுவா. அவளுக்கு இப்போ அஞ்சு மாசம். பள்ளிக்கூடத்துல போய்க் கற்பித்தல் பயிற்சி எடுக்க வேண்டிய நேரம். அது முடிச்சாதான் சான்றிதழ். ஆசிரியர் கூட்டத்துல பேச்சு வந்துச்சு. வயித்தோட பிள்ளைங்க முன்னாடி நிக்கறது நல்லாவா இருக்கும், படிக்கட்டு ஏறணும், ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது, அடுத்த வருஷம் பண்ணட்டுமேன்னு. எல்லாம் அவ நல்லதுக்காம். அவளை மட்டும் யாரும் கூப்பிட்டுக் கேக்கல."

யாரோ இருமினார்கள். கணக்கு மிஸ் பின்வரிசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே முதல்வரின் மூக்குக்கண்ணாடி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

பயிற்சியாளர் அவள் பக்கம் குனிந்து, "உடம்பு சரியில்லையா? தண்ணி வேணுமா?" என்றார். தண்ணீர் வந்தது. குடிக்க முடியவில்லை. தம்ளரை நாற்காலிக்குக் கீழே வைத்தாள்.

அவள் தற்காலிக விரிவுரையாளர். இதற்கு முன் வேலை பார்த்த இரண்டு கல்லூரிகளிலும் வருடக் கடைசியில் வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்தக் கல்லூரியில் அடுத்த மாதம் அவளை நிரந்தரமாக்கப் பரிந்துரை போக வேண்டும். போடுவதும் போடாததும் முதல்வர் கையில். இந்தப் பயிற்சிக்கு அவளை அனுப்பியவரே அவர்தான். "போயிட்டு வாம்மா. நிரந்தரம் பண்ணும்போது சொல்லிக்க உதவும்" என்று சொன்னார். வீட்டில் அண்ணி ஞாயிற்றுக்கிழமை தவறாமல், "எழுதிட்டாரா உங்க முதல்வர்?" என்று கேட்கிறாள். அண்ணி கெட்டவள் இல்லை. இவள் இருக்கிற அறை அண்ணன் பிள்ளைகளுக்கு வேண்டும், அவ்வளவுதான். இந்த வேலையும் போனால் மறுபடியும் அண்ணன் வீட்டு முன்னறையில் பாய் விரித்து, தெருப்பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான்.

"முதல்வர் என்னைக் கூப்பிட்டார்" என்று விளையாட்டு மேடம் தொடர்ந்தார். "நீ பொம்பளப் புள்ள, நீ போய்ப் பேசு, அவ சம்மதிச்சா நிறுத்திடலாம், இல்லன்னா யோசிக்கலாம்னார். நல்லாக் கேட்டுக்குங்க, யோசிக்கலாம்னுதான் சொன்னார். நான் போய் அவளைத் தனியா உக்கார வெச்சுச் சொன்னேன். வாயாடி வாயே திறக்கல. கைப்பையோட ஜிப்பை மூடுறா, திறக்கிறா, மூடுறா. அப்புறம் கேக்கறா, 'வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இருக்கா மேடம்?' இருக்குன்னேன். 'அப்போ நான் போறேன் மேடம். அடுத்த வருஷம்னா கைக்குழந்தையை விட்டுட்டு வர முடியாது. எங்க வீட்டுல அனுப்பவும் மாட்டாங்க. எனக்கு இருக்கறது இந்த ஒரு வருஷம்தான்'னு தெளிவாச் சொன்னா."

விளையாட்டு மேடம் மைக்கை மறுகைக்கு மாற்றினார்.

"நான் முதல்வர் அறைக்குத் திரும்பிப் போனேன். அவர் தலை நிமிராம ஏதோ எழுதிக்கிட்டே, 'சரின்னாளா?'ன்னு கேட்டார். நான், 'சரின்னுட்டா சார்'னேன்."

விளையாட்டு மேடம் அந்த ஒரு வரியை மட்டும் மெதுவாகச் சொன்னார். காலையில் கணக்கு மிஸ் அவருக்கு எப்படிச் சொன்னாளோ, அதே குரலில். தன் குரல் இன்னொரு வாயிலிருந்து வருவதைக் கேட்பது, இருட்டு அறையில் யாரோ தோளைத் தொடுவது போல இருந்தது.

"அவ்வளவுதான். உக்காந்துக்கறேன்."

கைதட்டல் எழவில்லை. மற்றவர்கள் எல்லோரும் கணக்கு மிஸ்ஸைப் பார்க்காமல் இருக்க மெனக்கெட்டார்கள். அது பார்ப்பதைவிட மோசமாக இருந்தது.

பின்வரிசையில் ஒரு நாற்காலி பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம்.

"நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?"

முதல்வர்தான். அவருக்கு அதட்டிப் பேசத் தெரியாது. யாரையும் 'அம்மா' என்றோ 'தம்பி' என்றோதான் கூப்பிடுவார். மணி அடிக்க ஆள் வராத நாளில் தானே போய் அடித்துவிட்டு வருவார். அவரைப் பார்த்து ஏன் பயப்படுகிறாய் என்று யாராவது கேட்டால் அவளால் ஒரு காரணமும் சொல்ல முடியாது. அதனாலேயே பயம் போகவுமில்லை.

"அந்த மேடத்தைப் பாராட்டணும். சொல்றதுக்கு ஒரு துணிச்சல் வேணும்" என்றார். "ஆனா கேக்கக் கேக்க எனக்கு ஆச்சரியம். எங்க கல்லூரியிலயும் அச்சு அசலா இதே மாதிரி ஒண்ணு, போன வாரம்தான். அங்கயும் ஒரு மாணவி, இதே நிலைமை. இதே முடிவுதான் எடுத்தோம். அப்போ இது எல்லா இடத்துலயும் இருக்கற பிரச்சினைதான், நாம மட்டும் இல்லன்னு ஒரு ஆறுதல். ஆனா ஒரு வித்தியாசம். நாங்க அந்தப் பொண்ணைக் கேட்டோம். அவளா ஒத்துக்கிட்டா. போய்ப் பேசினது எங்க கணக்கு விரிவுரையாளர். ஒண்ணைக் கேட்டு இன்னொண்ணைச் சொல்ற ஆள் இல்ல. இதோ இங்கயே இருக்காங்க. எழுந்திரும்மா. இவங்க எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும். அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சுன்னு நீயே சொல்லு."

கணக்கு மிஸ் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லையா? தெரிந்துகொண்டே கேட்கிறாரா? மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் விழுந்திருந்ததால் கண் தெரியவில்லை.

பயிற்சியாளர் பாய்ந்து வந்தார். "சார், இங்க ஆளைக் குறிச்சுக் கேக்கற வழக்கம் இல்ல..."

"எங்க பொண்ணு சார். தயங்க மாட்டா."

விளையாட்டு மேடத்துக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டுச் சடாரென்று எழுந்தார்.

"சார், நான் சொன்னது எங்க கல்லூரிக் கதை. அந்தப் பாவம் என்னோடது. அந்தப் புள்ளையை எதுக்கு சார் எழுப்பிவிட்டுக்கிட்டு? இங்க எல்லாருக்கும் டீ ஆறுது."

சிலர் சிரித்தார்கள். சிரிப்பில் நிம்மதி இருந்தது. கணக்கு மிஸ் எழுந்து நின்றுவிட்டாள், எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தாள். இனி அவள் ஒரே ஒரு வரி சொன்னால் போதும். முன்பு சொன்ன அதே வரி. அது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் முதல்வர் சிரிப்பார். பரிந்துரை போகும். அண்ணி கேட்பதை நிறுத்துவாள். விளையாட்டு மேடம் இல்லாத பழியைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவார். வாயாடி இந்த வருடம் வீட்டில் இருப்பாள்.

ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். எண்ணி முடிவதற்குள் வாய் திறந்துகொண்டது.

"அவ சரின்னு சொல்லல சார்."

அவளுக்கே கேட்காத குரல்.

"என்னம்மா?"

"அவ சரின்னு சொல்லல. போறேன்னுதான் சொன்னா. நான்தான் மாத்திச் சொன்னேன். மேடம் சொன்னது என்னோட கதை சார். இங்க எல்லாருக்கும் தெரியும்."

முதல்வரின் முகத்தில் இருந்த சிரிப்பு போக வழி தெரியாமல் சிறிது நேரம் அங்கேயே நின்றது. பக்கத்தில் இருந்த முதல்வர்கள் தங்கள் மடியைப் பார்த்தார்கள்.

"உக்காரும்மா" என்றார் அவர். தானும் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு சான்றிதழ் கொடுத்தார்கள். பெரிய மனிதர் வந்தார், கொடுத்தார், போனார். ஒவ்வொரு கல்லூரியும் தன் முதல்வரோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். முதல்வரும் கணக்கு மிஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, சிரிங்க" என்றார் படம் எடுத்தவர். இருவரும் நகரவில்லை.

வாசலில் விளையாட்டு மேடம் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "ஏன்டி, நான் பொய் சொல்லிக் காப்பாத்த வந்தா நீ இப்படிக் கவுத்துட்டியே. கை பாரு, ஐஸ்கட்டி மாதிரி."

"பயமா இருக்குக்கா."

"இருக்கும். எனக்கே இருக்கு. அவரோட ஒரே வண்டியிலயா போற?"

"ஆமா."

"போச்சு போ. வாந்தி வந்தா அவர் பக்கமா எடுக்காத" என்று சொல்லி, சிரிக்கப் பார்த்து, முடியாமல் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

கல்லூரி வண்டியில் முதல்வர் முன்னால், ஓட்டுநருக்குப் பக்கத்தில். அவள் பின்னால். ஓட்டுநர் வழக்கம்போல் பாட்டுப் போட்டார். முதல்வர் கையை நீட்டி அணைத்தார். ஓட்டுநர் கண்ணாடியில் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சாலையை மட்டும் பார்த்தார். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு நின்றது. வண்டி ஓடும்போது பேச மாட்டார், நின்றால் பேசுவார் என்று ஏனோ தோன்றியது. ஆனால் வண்டி வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பேசினார்.

"காலையிலேயே எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும் சார். முறையே அப்படித்தான் வெச்சிருந்தாங்க. அடுத்தவங்க கதையைச் சொல்லணும்னு."

"அப்போ நான் எழுந்து உன்னைப் பத்திப் பெருமையாப் பேசினப்போ, எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டேதான் உக்காந்திருந்தாங்க."

அவள் மடியிலிருந்த சான்றிதழைச் சுருட்டினாள்.

"ஏன்மா அப்படிச் சொன்ன? முடியாதுன்னுட்டா சார்னு வந்து சொல்லியிருந்தா நான் என்ன உன்னைத் தின்னுடுவேனா?"

"பயம் சார்."

"என்னைப் பாத்தா? உன்னை ஒரு நாளாவது நான் திட்டியிருக்கேனா?"

திட்டியதில்லை. அது உண்மை. அவள் யோசித்தாள். உள்ளதைச் சொல்ல ஆரம்பித்த பிறகு பாதியில் நிறுத்துவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் உள்ள வரும்போதே நீங்க எழுத ஆரம்பிச்சிருந்தீங்க சார். அவ பேரு, 'சம்மதத்தின் பேரில்'னு ஒரு வரி. தலைகீழாத் தெரிஞ்சுது. அப்புறம்தான் கேட்டீங்க."

ஓட்டுநர் தேவையில்லாமல் ஹார்ன் அடித்தார்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் போட்டுக்கொண்டார். அதற்குள் அவள் தன் வேலையை மனதுக்குள் ஒரு தடவை இழந்து, கல்லூரி மேசையைக் காலி செய்து, அண்ணன் வீட்டு முன்னறையில் பாயும் விரித்துவிட்டாள்.

"திங்கக்கிழமை பயிற்சி ஆரம்பம்" என்றார் கடைசியில். "அவ போகணும்னா போகட்டும். பள்ளிக்கூடத்துக்கு நான் போன் பண்ணிடறேன். ஆனா அவ வீட்டுக்கு ஆபீஸ்ல இருந்து சொல்லி அனுப்ப மாட்டேன். நீதான போய்ப் பேசின? நீயே போய்ச் சொல்லு. இன்னிக்கே."

"சரி சார்."

"உன் விஷயம் அப்புறம் பாக்கலாம்."

அப்புறம் என்றால் என்ன என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை. வண்டி வாயாடியின் தெருமுனையில் நின்றது. அவள் இறங்கிக் கதவைச் சாத்தினாள். சரியாகச் சாத்தவில்லை. முதல்வர் உள்ளிருந்து திறந்து, தானே ஒருமுறை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

வாயாடியின் வீடு மாடியில். வெயில் இறங்கியிருந்தது. கீழே ஒரு சைக்கிள் கடை, பக்கத்தில் குறுகலான படி. ஒவ்வொரு படியிலும் அவள் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கினாள். மேலே போனதும் அடுக்கியது சரிந்துவிட்டது.

கதவைத் திறந்தவர் வாயாடியின் மாமியார். உயரமான பெண். கையில் ஈரத்துணி, பிழிந்துகொண்டே பேசினார்.

"காலேஜ் மேடமா? என்ன, இன்னும் ஏதாவது இருக்கா? அதான் ஆபீஸ்ல இருந்து போன் பண்ணாங்களே, உங்க மருமக தானே வேண்டாம்னுட்டான்னு. இங்க வந்து பாத்தா ராத்திரி பகலா அழுகை. நான் போறேன்னுதான் சொன்னேன் அத்தை, போறேன்னுதான் சொன்னேன்னு. அங்க ஒரு பேச்சு, இங்க ஒரு பேச்சு. நாங்கதான் தடுத்தோம்னு நாளைக்கு அவ அம்மா வீட்டுல சொல்லுவா. என் பையன் அவகூடப் பேசியே நாளாச்சு."

கணக்கு மிஸ் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். தான் சொன்ன ஒரு வரி இத்தனை தூரம் நடந்து, இந்தப் படி ஏறி, இந்த வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

உள்ளிருந்து வாயாடி வந்தாள். கண் வீங்கியிருந்தது. கணக்கு மிஸ்ஸைப் பார்த்ததும் முகம் இறுகியது. வணக்கம் சொல்லவில்லை.

"திங்கக்கிழமை நீ போகலாம்" என்றாள் கணக்கு மிஸ். "முதல்வர் சொல்லிட்டார்."

"என்கிட்ட எதுக்கு மேடம் சொல்றீங்க?" என்றாள் வாயாடி. அவள் குரல் தட்டையாக இருந்தது. "நான் என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும். அத்தைகிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. பொய்க்காரின்னு பேர் வாங்கியாச்சு."

மாமியார் துணி பிழிவதை நிறுத்தினார்.

கூடத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னது, வண்டியில் சொன்னது எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அங்கே படித்தவர்கள், தெரிந்தும் தெரியாதது போல உட்கார்ந்திருக்கப் பழகியவர்கள். இங்கே ஈரத்துணியோடு நேராகப் பார்க்கும் ஒரு பெண், எதையும் விழுங்கிக்கொள்ளும் முகமில்லை.

"உங்க மருமக பொய் சொல்லலம்மா" என்றாள். "அவ போறேன்னுதான் என்கிட்டச் சொன்னா. முதல்வர் கேட்டப்போ நான்தான் சரின்னுட்டான்னு மாத்திச் சொன்னேன். வேலைக்குப் பயந்து சொன்னேன். நான் சொன்னது பொய்."

மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். அடிப்பாரோ என்று ஒரு கணம் தோன்றியது.

"பாடம் சொல்லிக் குடுக்கறவங்க" என்றார் அவர்.

திரும்பி மருமகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வாயாடி தலையைக் குனிந்துகொள்ளவில்லை. கீழே சைக்கிள் கடையில் யாரோ சக்கரத்தைச் சுழற்றிவிட்டார்கள்.

பிறகு மாமியார் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார். இப்போது குரலில் கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ இருந்தது.

"நாள் முழுக்க நிக்கணுமா அங்க? ரெண்டு மூணு வகுப்பு தொடர்ந்து வந்தா? கால் வீங்குது இவளுக்கு. உக்காந்து பாடம் எடுக்க விடுவாங்களா? ஒரு நாற்காலி குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கம்மா, கண்டிப்பா..." என்று ஆரம்பித்த கணக்கு மிஸ்ஸுக்கு அந்தக் கடைசி வார்த்தையில் நாக்கு நின்றது. வாயாடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தை இவள் பார்த்ததே இல்லை. பயிற்சிக்கு வருகிறவர்கள் வகுப்பில் உட்காரக் கூடாது என்று சில தலைமை ஆசிரியர்கள் பிடிவாதமாக இருப்பதும் அவளுக்குத் தெரியும்.

"தெரியலம்மா" என்றாள். "குடுப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. நாளைக்குக் காலையில அந்தத் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாத்துக் கேக்கறேன். மாட்டேன்னு சொன்னார்னா மாட்டேன்னார்னே வந்து சொல்றேன். அப்புறம் என்ன செய்யறதுன்னு மூணு பேரும் பேசலாம்."

சொல்லும்போதே அந்தத் தலைமை ஆசிரியரின் அறையில், மேசைக்குப் பின்னால் முகம் தெரியாத ஒருவர் கண்ணுக்குள் வந்தார்.

"போய்க் கேட்டுட்டு வாங்க" என்றார் மாமியார்.